மாடிக்குக் கீழே யார் மண்?

லக்சபானவிலிருந்து கீழே இறங்கினால் பொல்பிட்டிய. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் அந்தப் பள்ளத்தில்தான் சமனல மின் நிலையம் நிற்கிறது. 1969இல் 75 மெகாவாற்றோடு ஓடத் தொடங்கி, பிற்காலப் புனரமைப்பில் 90 மெகாவாற்றை எட்டியது. மேலேயிருந்து தண்ணீரைக் கொண்டுவர மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டினார்கள். செங்குத்துச் சரிவில் இராட்சதக் குழாய்களைப் பதித்தார்கள். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் வரை மழை கொட்டுகிற மேற்குச் சரிவு இது. மண் எங்கே பிடிக்கும், எங்கே வழுக்கும், கற்பாறை எத்தனை அடியில் கிடைக்கும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. அரை நூற்றாண்டு தாண்டியும் அசையாமல் நிற்கிறது. அதே காலத்தில் சற்று மேலே மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டு, மேட்டில் புது நகரம் ஒன்றைக் கட்டினார்கள். கடுங்கோடையில் நீர் வற்றும்போது மூழ்கிய கோயில்கள் இன்றும் தலைகாட்டும். பார்க்கப் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாய்ப் போவார்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மலையகத்தில் வீடு என்ற பேச்சை எடுத்தாலே எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்லும் முதல் பதில், "இந்தச் சரிவில் எப்படிக் கட்டுவது?" என்பதுதான். சரிவு கடினம் என்பது உண்மை. ஆனால் அரசு மனம் வைத்தால் இந்த மலையின் வயிற்றுக்குள்ளேயே வழி போடும், ஓர் ஊரையே தூக்கி மேட்டில் வைக்கும் என்பதற்குப் பொல்பிட்டியவும் மஸ்கெலியாவும் சாட்சி. ஆகவே சரிவைப் பற்றிப் பேசுவோம், ஆனால் அதை முதல் பதிலாகவும் கடைசிப் பதிலாகவும் ஏற்றுக்கொள்ள முடியாது.

தோட்டங்களில் மாடிக் குடியிருப்பு கட்டலாம் என்ற யோசனை புதியதல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் அதைத் தூசி தட்டி எடுப்பார். 2014ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கு 50,000 வீடுகள் என்று அறிவிப்பு வந்தபோது, அவை மாடி வீடுகளாக அமையும் என்றார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தை நினைத்து, உடனே மலையகத்தில் அதற்கு 'மாடி லயம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தனி வீடும் அதற்குரிய காணியும்தான் வேண்டும் என்று தொழிற்சங்கங்களும் ஆசிரியர்களும் இளைஞர் அமைப்புகளும் எழுதினார்கள், பேசினார்கள். பிறகு ஆட்சி மாறியது. 2015க்குப் பின் 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டம் வந்தது. 'பசுமை பூமி' என்ற பெயரில் காணி உறுதி கொடுக்கும் வேலையும் தொடங்கியது. இந்திய அரசு முதலில் 4,000 வீடுகள் தந்தது. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் நரேந்திர மோடி இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். அந்த 10,000 வீடுகளுக்கான அடிக்கல் 2024 பெப்ரவரியில்தான் நாட்டப்பட்டது. அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும் நடுவில் ஏறக்குறைய 7 ஆண்டுகள்!

இப்படி இழுபட இழுபட, மாடி யோசனைக்கு மறுபடி உயிர் வரும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைநாட்டைச் சிதைத்துவிட்டுப் போன பிறகு அது இன்னும் வலுவோடு வரும். பாதுகாப்பான நிலம் குறைவு, குறைந்த நிலத்தில் நிறையக் குடும்பங்களை வைக்க வேண்டும், ஆகவே மேலே கட்டுவோம் என்பார்கள். கணக்காகப் பார்த்தால் தவறில்லாத வாதம். அதனால்தான் அதை எழுந்தமானத்துக்கு எதிர்க்காமல், உட்கார்ந்து பரிசீலிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பரிசீலிப்பது என்றால் யார், எந்த மேசையில், யாரை எதிரே வைத்துக்கொண்டு என்பதே என் கேள்வி.

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ காணி வைத்திருக்கும் ஒருவர் தொடர்மாடி கட்ட நினைத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். காணி உறுதி, நில அளவை வரைபடம், கட்டட வரைபடம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு உள்ளூராட்சி சபைக்குப் போவார். 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் செல்லுபடியாகும் பகுதி என்றால் திட்டமிடல் குழு கூடும். தொழில்நுட்ப உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதிகார சபையின் அலுவலர் எல்லோரும் இருப்பார்கள். மலைநாட்டு மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் அறிக்கையும் வேண்டும். மேசை மேல் வரைபடத்தை விரித்துக் கேள்வி கேட்பார்கள். பின்பக்கம் மலையை எத்தனை அடி உயரத்துக்கு வெட்டப் போகிறீர்கள்? தாங்கு சுவர் எங்கே? மழைத் தண்ணீர் எந்தக் கானில் விழும்? கழிவு எங்கே போகும்? தீயணைப்பு வண்டி உள்ளே வருமா? கட்டுகிறவர் முகம் சுளித்துக்கொண்டே வரைபடத்தைத் திருத்தி மறுபடி கொண்டுவருவார். முதலில் பூர்வாங்க அனுமதி, பிறகு அபிவிருத்தி அனுமதிப் பத்திரம், கட்டி முடித்ததும் இணக்கச் சான்றிதழ். இந்த நடைமுறையில் ஓட்டைகள் உண்டு, செல்வாக்கு உண்டு, அனுமதிக்கு மேலே ஒரு மாடி தானாக முளைக்கும் அதிசயமும் உண்டு. இருந்தாலும் நான் அந்த மேசையை மதிக்கிறேன். தன் காணி என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருக்கிறது, அந்தக் காணியில் நீ நினைத்ததையெல்லாம் செய்ய முடியாது என்று சொல்ல ஊருக்கும் உரிமை இருக்கிறது. இரண்டு உரிமைகளும் அங்கே நேருக்கு நேர் உட்காருகின்றன.

அதே கோப்பைத் தோட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது? காணி அரசுடையது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசிடம் வந்தன. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. குத்தகை 2045 வரை ஓடுகிறது. வீடமைப்பைப் பார்க்க அதே காலத்தில் ஒரு நிதியம் உருவாகி, பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் ஆயிற்று. தோட்டத்தில் எல்லோரும் சுருக்கமாக 'ட்ரஸ்ட்' என்பார்கள். ஆக, உரிமையாளர் அரசு, குத்தகைக்காரர் கம்பனி, கட்டுகிறவர் அமைச்சோ ட்ரஸ்டோ, பணம் தருகிறவர் கொழும்போ டெல்லியோ. அந்த வீட்டில் ஐம்பது வருடம் வாழப் போகிறவரின் பெயருக்குக் கோப்பில் இடமே கிடையாது. கடைசியில் 'பயனாளி' என்ற பட்டியலில் வருவார். பயனாளி கேள்வி கேட்பதில்லை. சாவியை வாங்கிக்கொண்டு படத்துக்கு நிற்கிறார்.

இது தற்செயலாக நேர்ந்த மறதி இல்லை. லயம் கட்டிய காலத்தில் தோட்டத்துக்குள் துரையின் சொல்லே சட்டம். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே நீளக் கூரை. ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் தொங்கல் வீடு வரை போய்த்தான் நிற்கும். சுதந்திரம் வந்த 1948இலேயே பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தக் கதை ஒருவாறு முடிந்தது. 1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தபோதும் அதன் 33ஆம் பிரிவு தோட்டங்களைக் கைக்கெட்டாத தூரத்தில் வைத்தது. தோட்ட மக்கள் வாக்களித்துச் சபைக்கு ஆள் அனுப்பலாம், அந்த ஆள் தன் சபைப் பணத்தைக் கொண்டு தோட்டத்துக்குள் ஒரு பாதை போட முடியாமல் இருந்தது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தொகைக்கு ஒரே சபையாக இருந்த அம்பகமுவ, அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என்று மூன்றானதும் அந்த ஆண்டுதான். பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அதிகார சபையை உருவாக்கிய சட்டமும் 2018இலேயே வந்தது. அதாவது, தோட்டத்து வீட்டுக் கோப்பை உள்ளூர் மேசையில் வைத்துப் பேசும் வாய்ப்பே எங்களுக்கு அண்மையில்தான் கிடைத்தது. கிடைத்ததை நாங்கள் இன்னும் சரியாகப் பயன்படுத்தத் தொடங்கவில்லை.

தோட்டத்தில் ஓய்வுபெற்ற அம்மாயி ஒருவரிடம் மாடி வீட்டைப் பற்றி ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். முற்றத்தையோ மரக்கறிப் பாத்தியையோ சொல்லி மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "மாடியோ தரையோ, எனக்குப் பிரச்சினை இல்ல தம்பி. எம் பேத்தி கொழும்புல கடையில வேல செய்யுறா. நான் போன பொறவு அந்த மூணாவது மாடி வீடு எம் வீடுன்னு அவ வந்து கேக்க முடியுமா? கீழ இருக்கிற மண்ணு யாரு பேருல இருக்கும்?" என்றார். லயத்துக் காம்பரா தோட்ட வேலையோடு கட்டப்பட்டது. வீட்டில் ஒருவராவது பேர் பதிந்து வேலைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் அங்கே இருப்பதே துரையின் தயவு என்ற நிலை. காம்பராவோடு ஒட்டி ஓர் அறையை இறக்கிக் கட்டியதற்கே நீதிமன்றம் ஏறிய குடும்பங்கள் இருக்கின்றன. வாழ்நாள் முழுக்க இந்தப் பயத்தோடு இருந்தவர் கேட்ட கேள்வி அது. எந்தத் திட்டமிடல் குழுவும் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்.

இலங்கையில் மாடி வீட்டுக்கு உரிமை கொடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி வீட்டுடைமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி. படிக்கட்டு, கூரை, தண்ணீர்த் தாங்கி, நிலம் எல்லாம் பொதுப் பங்கு. அதைப் பராமரிக்க முகாமைக் குழு. மேற்பார்வைக்கு ஓர் அதிகார சபை. கொழும்பில் இந்த முறையில் ஆயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள், வீட்டை விற்கிறார்கள், பிள்ளைகளுக்கு எழுதுகிறார்கள். ஆனால் அந்தச் சட்டம் தொடங்குவதே காணியின் தெளிவான உடைமையிலிருந்துதான். 2045 வரை கம்பனியின் குத்தகையில் கிடக்கும் நிலத்தை முதலில் விடுவித்து, அளந்து, வரைபடம் பதிந்து, பிறகே மாடி எழும்ப வேண்டும். அந்த வேலையைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டடத்தை முன்னால் எழுப்பினால், அது எத்தனை மாடியானாலும் லயம்தான். மக்கள் வைத்த பெயர் சரியானது.

மாடி வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதையும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கொழும்பில் ஒரு தொடர்மாடியில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் இறந்தபோது போயிருந்தேன். நான்காம் மாடி. பெட்டி ஆறடிக்கும் மேல். மின்தூக்கிக்குள் படுக்க வைக்க இடமில்லை. படிக்கட்டோ இரண்டு ஆள் தோள் உரசாமல் போக முடியாத அகலம். திருப்பத்துக்குத் திருப்பம் பெட்டியைச் சாய்க்க வேண்டியிருந்தது. உள்ளே ஏதோ நகரும் சத்தம் கேட்டுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூத்த மகன், "மெதுவா மாமா, மெதுவா மாமா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். சடங்கு செய்ய ஓர் அடி மண் இல்லாமல், வாகனம் நிறுத்தும் இடத்தில், இரண்டு வேன்களுக்கு நடுவில் வைத்து நீர்மாலை எடுத்தோம். எங்கள் தோட்டத்தில் சாவு என்பது இஸ்தோப்பிலும் வாசலிலும் நடக்கிற காரியம். தப்பு அடிக்க, ஒப்பாரி வைக்க, பாடை கட்ட, முழு லயமும் வந்து குந்த வாசல் வேண்டும். படிக்கட்டின் அகலத்தை இன்னும் ஓரடி கூட்டுவதும், தரைத்தளத்தில் ஒரு பொது மண்டபம் விடுவதும் பெரிய செலவில்லை. வரைபடத்தைப் பார்ப்பவர்களில் ஒருவராவது சாவு வீட்டை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுப்பும் அப்படித்தான். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு கட்டிக்கொண்டு வரும் பெண்களை மலையகம் முழுக்கப் பார்க்கலாம். எரிவாயு வாங்க முடியாதவர்கள் மட்டும் விறகு எரிப்பதில்லை. மழைக்காலத்தில் நனைந்த படங்கும் கம்பளியும் காய்வதும் அந்த அடுப்புக்கு மேலேதான். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு 4,860 ரூபாய்க்கு ஏறியபோது, அந்த விலைக்கும் கிடைக்காமல் போனபோது, கொழும்புத் தொடர்மாடிகளில் சமைக்க வழியில்லாமல் தவித்தார்கள். லயத்தில் மிலாறு எரிந்தது. புகைபோக்கி இல்லாத சமையலறையோடு மூன்று மாடி கட்டிக் கொடுத்தால் அந்தப் புகை எங்கே போகும்? மாடு வளர்த்துப் பால் ஊற்றிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் வீடுகளுக்கு மாட்டுப்பட்டி எங்கே? கோழிக்கூடு எங்கே? காமன் கூத்து ஆடும் பொட்டலில்தான் கட்டடம் வருகிறதா? இவற்றைச் சின்ன விடயங்கள் என்று தள்ளக் கூடாது. தினக்கூலிக்கு மேலே ஒரு குடும்பம் தலைநிமிர்ந்து நிற்பதே இந்த மண்ணோரத்து வருமானத்தால்தான்.

பராமரிப்புக்கு எங்கள் கண் முன்னால் பாடங்கள் உண்டு. கொழும்பில் சஹஸ்புர 2001இல் எழுந்தது. 14 மாடி, 671 வீடுகள். சேரிகளிலிருந்து குடும்பங்களை அங்கே குடியேற்றினார்கள். உறுதியான கூரை கிடைத்தது, மலசலகூடம் கிடைத்தது. மறுக்க முடியாத நன்மைகள். ஆனால் மாதாமாதம் பராமரிப்புப் பணம், மின்தூக்கிக்கு மின்சாரம், தண்ணீரை மேலேற்ற மோட்டர் என்று வீட்டுக்குள் ஒரு புதுச் செலவு நுழைகிறது. தினக்கூலிக்காரர்கள் வாழும் மாடியில் அந்தச் செலவை யார் ஏற்பது என்று கட்டுவதற்கு முன்பே எழுதி வைக்காவிட்டால், பத்து வருடத்தில் மின்தூக்கி நிற்கும், முதியவர்கள் மேலேயே சிறைப்படுவார்கள். சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் 2021இல் நடந்ததையும் மறக்கக் கூடாது. கட்டிக் குடியேற்றிக் கொஞ்ச காலம்கூட ஆகவில்லை, சுவர்ப்பூச்சு விரல் பட்டாலே உதிர்ந்தது, ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்துத் தரம் பார்க்க வேண்டி வந்தது. கட்டுகிறபோதே அங்கே வாழப் போகிறவர்கள் போய்ப் பார்க்க வழியிருந்தால் முதல் தளத்திலேயே தெரிந்திருக்கும். சீமெந்துக்கும் மணலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாத கொத்தனார் எந்தத் தோட்டத்திலும் இல்லை.

இனி மலையைப் பற்றிப் பேச வேண்டும். இங்கேதான் மாடிக்கு ஆதரவானவர்கள் சொல்வதில் கனமான உண்மை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. நிறுவனம் சரியாகத்தான் சொன்னது. போவதற்கு இடம் கொடுக்க ஆளில்லை. தப்பியவர்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் காத்திருந்த பிறகு, 2016இல் மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு மூணாறு பெட்டிமுடியில் தோட்ட லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் போனார்கள்; தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கம் வேர் கொண்ட தமிழ்க் குடும்பங்கள். டிட்வாவில் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மலைநாட்டு மண்சரிவுகளே பெரும்பகுதியைக் கொண்டுபோயின.

எனவே பாதுகாப்பான நிலம் அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலமே அரிது என்று சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது. கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். ஒன்றரை இலட்சம் குடும்பங்களுக்குத் தலைக்கு 7 பேர்ச்சஸ் கொடுத்தால் சுமார் 6,560 ஏக்கர். பாதை, கான், விளையாட்டிடம், பாடசாலை எல்லாவற்றுக்கும் இன்னொரு மடங்கு சேர்த்தாலும் 13,000 ஏக்கரைச் சற்றே தாண்டும். ஹெக்டேயரில் 5,300. நாட்டில் தேயிலை நிற்கும் நிலம் இரண்டு இலட்சம் ஹெக்டேயருக்கு மேல். அதில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. தோட்டங்களில் தரிசாகக் கிடக்கும் மலைகளை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. இக்கட்டு என்னவென்றால், சாய்வு குறைந்த, மண் இறுகிய, நல்ல நிலங்களில் பெரும்பாலும் தேயிலை நிற்கிறது, அல்லது பங்களா நிற்கிறது. லயங்களுக்குக் கிடைத்தவை ஓடைக்கரையும் மலையடிவாரமும். வீடு கட்ட இடம் கேட்டால் கம்பனி காட்டுவதும் தேயிலைக்கு உதவாத துண்டுகளைத்தான். தேயிலைக்கே உதவாத சரிவு வீட்டுக்கு எப்படி உதவும்? பிறகு ஆராய்ச்சி நிறுவனம் வந்து பார்த்து, இங்கே கட்ட முடியாது என்று எழுதும். நிலம் இல்லை, ஆகவே மாடி என்ற முடிவு இப்படித்தான் பிறக்கிறது. எந்த மலையைக் காட்டினார்கள் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

மலை சரிவதற்கு மழை மட்டும் பழியேற்க வேண்டியதில்லை. முந்திய காலத்தில் கான் வெட்டுவது தோட்டத்தில் ஒரு முறையான வேலை. கான் அடைபட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். இறங்கினால் மலை கனத்து வழுக்கும் என்பது படிக்காத கங்காணிக்கும் தெரிந்திருந்தது. 1992இல் மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்த கம்பனித் தோட்டத் தொழிலாளர் தொகை இன்று பாதிக்கும் கீழே போய்விட்டது. கொழுந்து பறிக்கவே ஆளில்லாத இடத்தில் கானைப் பார்ப்பது யார்? ஒரு மாடிக் கட்டடம் வந்து, அதன் கூரைத் தண்ணீரும் முற்றத்துச் சீமெந்துத் தண்ணீரும் ஒரே இடத்தில் விழுந்தால், அடுத்த மலைக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மாடி கட்டினால் சரிவு ஆபத்து குறையும் என்பது அரைகுறை உண்மை. பரப்பு குறையும், பாரம் ஒரே இடத்தில் கூடும், வெட்டு ஆழமாகும். பொல்பிட்டியக் குழாய்க்குப் பார்த்த அளவுக்கு மண்ணைத் துளைத்துப் பார்த்து, அறிக்கையைத் தமிழிலும் எழுதி, மக்கள் முன்னால் வைத்தால் நம்பலாம்.

வயநாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2024 ஜூலை 30ஆம் திகதி முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் மலை உடைந்து ஊர்களை அள்ளிக்கொண்டு போனது. அங்கேயும் தோட்டத்து லயங்கள், அங்கே 'பாடி' என்பார்கள். கேரள அரசு கல்பற்றாவில் எல்ஸ்டன் தேயிலைத் தோட்டத்து நிலத்தையே எடுத்தது. 2025 மார்ச்சில் அடிக்கல் வைத்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1,000 சதுர அடித் தனி வீடு. நிலம் முதலில் 5 சென்ட் என்றுதான் இருந்தது. தப்பிப் பிழைத்தவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள், 7 சென்ட் ஆயிற்று. 7 சென்ட் என்பது ஏறக்குறைய 3,050 சதுர அடி. எங்கள் 7 பேர்ச்சஸ் 1,900 சதுர அடி, வீடு 550 சதுர அடி. நிலம் குறைந்த, சனம் நெருங்கிய கேரளத்தில் முடிகிறது. பட்டியலில் பெயர் விட்டுப்போனது, நட்டஈடு தொடர்பான வழக்கு என்று அங்கேயும் சச்சரவுகள் உண்டு. ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் பேசியதால் ஓர் எண் மாறியது. எங்கள் திட்டங்களில் மக்கள் பேசி எந்த எண் மாறியிருக்கிறது?

2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். காணி உரிமையும் பாதுகாப்பான வீடும் அந்த நடையின் கோரிக்கைகளில் இருந்தன. மாடி கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை, தனி வீடே சொர்க்கம் என்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் நகரத்துக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களில் சிலர் ஹட்டனில் ஒரு மாடி வீடு கிடைத்தால் மகிழ்ச்சியாகவே போவார்கள். மாடு வளர்ப்பவர் போகமாட்டார். இரண்டு வகையினரையும் ஒரே வரைபடத்தில் அடைக்க நினைப்பதுதான் பழைய துரைத்தனம். தெரிவு செய்ய இடம் கொடுங்கள். தெரிவு செய்பவர் கையில் உறுதி இருக்கட்டும்.

2025 மே மாதம் தெரிவான பிரதேச சபை உறுப்பினர்கள் அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது இதுதான். தோட்டத்துக்குள் மாடிக் குடியிருப்புக்கான வரைபடம் உங்கள் மேசைக்கு வரும் நாளில், அதைச் சபை மண்டபத்துக்குள் வைத்தே முடித்துவிடாதீர்கள். தொழிலாளர்கள் காலையில் கூடும் பிரட்டுக் களத்துக்குக் கொண்டுபோங்கள். கம்பனி முகாமையாளர், ட்ரஸ்ட், கட்டுகிறவர், பிரதேச செயலகம், ஆராய்ச்சி நிறுவனத்தின் புவியியலாளர் எல்லோரும் அங்கே வரட்டும். மண்சரிவு வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, பச்சை எது, சிவப்பு எது என்று தமிழில் சொல்லுங்கள். அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் 1988இலிருந்தே தமிழை நிர்வாக மொழியாக ஏற்றிருக்கிறது, இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. எந்த மலையைக் கொடுக்கிறீர்கள், ஏன் மற்ற மலையைக் கொடுக்கவில்லை என்று கம்பனியிடம் கேளுங்கள். படிக்கட்டின் அகலத்தை ஒப்பாரி வைக்கும் பெண்களிடமே கேளுங்கள். பராமரிப்புச் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். நிலம் விடுவிக்கப்பட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் உறுதி எழுத வழி உண்டு என்ற ஆவணம் மேசைக்கு வரும் வரை அந்தக் கோப்பில் கையெழுத்துப் போடாதீர்கள்.